பிளீச்சிங் வாடையும் ஒரு நல்ல வாக்கியமும்

சுலைமான் சாரின் கட்டுரைகள் புத்தகமாக வரப்போகின்றன. அவர் காலமாகி இத்தனை வருஷம் கழித்தாவது யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்த மட்டுக்கும் சந்தோஷம். நான் வேலை பார்த்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது இருக்கும் இளையவர்கள்தான் பழைய பத்திரிகைகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். அவர்களில் கவிதா என்கிற பெண் போன வாரம் வீட்டுக்கு வந்து அட்டையைக் காட்டினாள்.

"மேடம், சாரோட கூட வேலை செஞ்சவங்க நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க. ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. தொத்து நோயைப் பத்தி ஜனங்களுக்கு எப்படி எழுதோணும்னு நாங்களும் தெரிஞ்சுக்குவமில்லீங்களா" என்றாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி. 'உங்கள் மூக்கை நம்புங்கள்.'

"இதை எடுத்துடு கண்ணு" என்றேன்.

"ஏனுங்க மேடம்? இருக்கறதுலயே இதுதானுங்க நல்ல வரி. படிச்சதும் மனசுல நின்னுக்குதுங்க."

நின்றுகொள்ளும். அதுதானே தொல்லை. ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று அன்றைக்கு என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் காப்பியைக் குடித்துவிட்டுக் குழப்பத்தோடு கிளம்பிப் போனாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய்களைப் பற்றி ஜனரஞ்சகமாக எழுதுகிறவர்கள் என்றாலே எனக்கு ஆகாது. கிருமியை வில்லனாக்கி, டாக்டரைக் கதாநாயகனாக்கி, நடுவில் நோயாளி எங்கே போனான் என்றே தெரியாமல் எழுதுவார்கள். படிக்க விறுவிறுப்பாக இருக்கும். படித்து முடித்தபின் எழுந்துபோய்க் கை கழுவத் தோன்றாது. சுலைமான் சார் எழுதியதைப் படித்தால் பாதியிலேயே எழுந்து போவோம். ஒரு விஞ்ஞானியாக நான் யாருக்கும் தரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

நான் மடத்துக்குளத்துப் பக்கத்துக்காரி. கோயமுத்தூரில் நுண்ணுயிரியல் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை கிடைத்து, திருப்பூரில் இருந்த சின்னக் கூடத்தில் போட்டார்கள். படிப்பு, பயிற்சி, முதல் சம்பளம் எல்லாம் எல்லாருக்கும் இருப்பதுதான், விடுங்கள். கூடம் என்று பெயர், இரண்டே அறை. எதிரே ஒரு பனியன் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம், மூடினால் வேக்காடு.

கூடத்துக்குத் தலைவர் சுலைமான் சார். அவர் குடும்பமே பனியன் வியாபாரம். அண்ணன் தம்பிகள் எல்லாம் ஏற்றுமதியில் இறங்கிக் கார் வாங்கிவிட்டார்கள். இவர் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால், தம்பி கம்பெனியில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட் போட்டிருப்பார். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு மொழியில் அச்சடித்திருக்கும். என்ன சார் எழுதியிருக்கிறது என்று கேட்டால், "தெரியலீங்க அம்மணி. திட்டறானோ வாழ்த்தறானோ, துணி நல்லாருக்குது" என்பார்.

வேலை என்று வந்துவிட்டால் இந்தச் சிரிப்பெல்லாம் காணாமல் போய்விடும். தண்ணீர் எடுப்பதுதான் பாதி வேலை என்பார். குழாயில் மாதிரி எடுப்பதானால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட வேண்டும். புட்டியின் மூடியைத் திறந்தால் கீழே வைக்கக் கூடாது. உள்பக்கம் விரல் படக் கூடாது. புட்டியை அலசக் கூடாது, கழுத்து வரை நிரப்பவும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும். கூடத்தில் ஊதா நிறக் கரைசல் உள்ள கண்ணாடிக் குழாய்களில் அந்தத் தண்ணீரை விட்டு இளஞ்சூட்டில் வைப்போம். மலத்திலிருந்து வந்த கிருமி இருந்தால் ஊதா நிறம் மஞ்சளாக மாறும், உள்ளே கவிழ்த்து வைத்திருக்கும் குட்டிக் குழாயில் காற்றுக் குமிழி ஏறி நிற்கும். சார் ஒவ்வொரு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூச்சு விடாமல் பார்ப்பார்.

"குமிழி இருக்குதுங்களா, இல்லீங்களா? இருக்கறாப்பல இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்பார்.

இந்த மனிதர்தான் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் நோய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். டைபாய்டைப் பற்றிய கட்டுரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிருமியின் பெயரே அதில் வராது. டீக்கடையில் எச்சில் டம்ளரை முக்கி எடுக்கும் வாளியில் தொடங்கி, அந்த வாளித் தண்ணீர் காலையிலிருந்து பொழுது சாயும்வரை யார் யார் வாயைத் தொட்டுவிட்டு யார் வாய்க்குப் போகிறது என்று ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டே போவார். காதர்பாய் கடையில் பன் தின்ற டெய்லர், சிங்கர் மெஷினுக்கு எண்ணெய் விட வந்த மெக்கானிக், பிள்ளைக்கு டீ ஆற்றிக் கொடுத்த தாய். அந்த வாரம் எங்கள் தெருக் கடைகளில் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை சுற்றறிக்கை போட்டும் நடக்காத காரியம் அது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. "சார், எங்க பொருந்தும், எங்க பொருந்தாதுன்னு நீங்க சொல்றதே இல்லீங்க" என்று சண்டைக்குப் போவேன்.

"அதையெல்லாம் சொன்னா தூங்கிப் போயிருவாங்க அம்மணி. ஒரு கட்டுரைக்கு ஒரு சேதி போதும்" என்பார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எதிர்க் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் பெண் ஒருத்தி சோடாப் புட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் துகள். பெயர் ஜெசிந்தா. தெக்கத்திப் பெண், பிழைப்புக்காகப் புருஷனோடு வந்து மங்கலம் ரோட்டுப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தாள். அவள் புருஷன் மரியதாஸ் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை. புட்டியில் இருந்த தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது.

"எங்க போர் பைப்புல வந்த தண்ணி சார். இதக் குடிச்சா என்ன ஆவும்?"

"நீங்க குடிச்சீங்களாம்மா?"

"வாயில வச்சுத் துப்பிட்டேன். எங்க வீட்டுக்காரக மேல அடிக்குமே பிளீச்சிங் வாடை, அதேல்லா அடிச்சுது."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டறைக் கழிவு நிலத்தில் இறங்கி, குடிக்கிற தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டதே என்கிற கோபம். அந்தக் கோபத்தில் எழுதியதுதான் 'மூக்கு' என்கிற கட்டுரை. எங்கள் கூடத்தில் தண்ணீரைச் சோதித்துச் சொல்ல நாள் கணக்காகும், ஆனால் உங்கள் முகத்தின் நடுவிலேயே ஒரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது, அது கண நேரத்தில் முடிவு சொல்லிவிடும் என்று எழுதியிருந்தார். சாய நிறம் தெரிந்தால், பிளீச்சிங் வாடை அடித்தால், அந்தத் தண்ணீர் பக்கமே போகாதீர்கள் என்றார். அதன் கடைசி வரிதான் இன்றைக்குப் பின்னட்டைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. பனியன் கம்பெனிகளில் டீ நேரத்தில் சத்தமாக வாசித்தார்கள். ஜெசிந்தா மறுவாரமே வந்து நின்றாள். "உங்க கட்டுரைய வெட்டி எங்க வீட்டுல தண்ணிக்குடத்துக்கு மேல சுவத்துல ஒட்டிட்டேன் சார். மைதா மாவு காச்சி நல்லா ஒட்டியிருக்கேன், பிய்ஞ்சே வராது" என்றாள். அப்புறம் அவள் எங்கள் கூடத்துக்குப் பழகிப்போனாள். லைன் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான். வாராவாரம் சாரின் கட்டுரையை மற்றப் பெண்களுக்கு அவள்தான் வாசித்துக்காட்டுவாள். சாரும் அச்சுக்குக் கொடுக்கும் முன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் படித்துக்காட்டுவார். அவள் புருவத்தைச் சுருக்கினால் அந்த வரியை அடித்துவிடுவார். நான் படித்த படிப்புக்கு இல்லாத மரியாதை அவள் புருவத்துக்கு இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து ஜெசிந்தா உண்டானாள். கூடத்துக்கு மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கோடையில் நகராட்சிக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து லைன் வீடுகளில் இருந்த சிமெண்டுத் தொட்டிகளில் ஊற்றினார்கள். கூடவே மஞ்சள் காமாலையும் வந்தது.

அந்தக் காமாலைக் கிருமிக்கு அப்போது சரியாகப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. மலம் கலந்த தண்ணீரில் வரும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கர்ப்பிணிக்கு வந்தால் மட்டும் பிழைப்பது கஷ்டம். இவ்வளவு எங்களுக்குத் தெரியும். தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னோம். நான் போய்ச் சோதித்தேன். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து ஆர்த்தோடாலிடின் என்கிற கரைசலில் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். எல்லாத் தொட்டியிலும் வந்தது. அந்த வட்டாரத்திலேயே அதைவிடப் பத்திரமான தண்ணீர் கிடையாது. ஆனாலும் காமாலை நிற்கவில்லை.

சார் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், "வாங்க அம்மணி, தண்ணியப் பாத்தது போதும், ஆளுகளப் பாப்போம்" என்று ஒரு காலையில் கிளம்பினார்.

லைன் வீட்டு முற்றத்தில் தொட்டி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, இங்க தண்ணி ரொம்பி வழியுது, நீங்க எங்க போறீங்க?" என்று சார் ஒரு அம்மாளை நிறுத்திக் கேட்டார்.

"அதைய யாருங்க குடிப்பா? சாயப்பட்டறைத் தண்ணியாட்ட நாறுதுங்க. ஆ, அந்தத் தோட்டத்துக் கெணத்துல கண்ணாடியாட்டத் தண்ணி கெடக்குதுங்க" என்றார் அந்த அம்மாள்.

தோட்டத்துக் கிணற்றைச் சுற்றிக் கருவேலம் புதர். கக்கூஸ் இல்லாத லைன் வீடுகள் அத்தனைக்கும் காலையில் ஒதுங்க அந்தப் புதர்தான் இடம். காமாலை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. வேறெந்த ஊரிலும் பிளீச்சிங் வாடை அடித்தால், சரி, மருந்து போட்டிருக்கிறார்கள் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்திருப்பார்கள். திருப்பூரில் அந்த வாடைக்கு ஒரே அர்த்தம்தான், பட்டறைக் கழிவு.

ஜெசிந்தா இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. சாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார், ஒருத்தியும் அந்தத் தொட்டியத் தொடல. நாந்தான் எல்லாத்துக்கும் சொன்னேன். சாயத்தோட நிறத்தக் கண்ணு பாக்கும், பிளீச்சிங் வாடைய மூக்கு பாக்கும், உங்கள் மூக்கை நம்புங்கள்." கடைசி வரியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

சார் அவளிடம், தொட்டியில் போட்டிருப்பது கிருமியைக் கொல்லும் மருந்து, பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை இங்கே பிடியளவுதான் போட்டிருக்கிறது, வாடை அடித்தால் கிருமி செத்தது என்று அர்த்தம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னார்.

"அதே பவுடருதான சார்? எங்க வீட்டுக்காரக கைய வேக வச்சுதே, அந்தப் பவுடருதான?"

பொய் சொல்ல அவருக்கு வராது. "அதேதாம்மா" என்றார்.

"என் வயித்துல பிள்ள கெடக்கு சார்."

"அதுக்கோசரந்தாம்மா சொல்றேன்."

"நானும் அதுக்காவத்தான சார் கேக்கேன்."

காய்ச்சிக் குடியுங்கள் என்றால் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவார்கள், ஒன்றரை ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஏது நேரம். தோட்டத்துக் கிணற்றிலும் பிளீச்சிங் போட்டுப் பார்த்தோம். போட்ட அன்றைக்கே அதை விட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விட்டார்கள். சார் உட்கார்ந்து வேறொரு கட்டுரை எழுதினார். எந்த வாடை கெடுதல், எந்த வாடை காவல், ஏன் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று பொறுமையாக எழுதியிருந்தார். முதல் கட்டுரையைவிட அது உண்மையானது. முதல் கட்டுரை அளவுக்கு அழகில்லை. யாருக்கும் மனப்பாடம் ஆகவில்லை.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். தினமும் காலையில் அந்த லைன் வீட்டுக்குப் போய், எல்லாரும் பார்க்கத் தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பு மோந்து குடித்துவிட்டு வந்தார். முதலில் குழந்தைகள் சிரித்தன. பிறகு ஒவ்வொருவராகக் குடத்தை இறக்கினார்கள். ஜெசிந்தாவும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். குமட்டியது, ஆனாலும் குடித்தாள். சார் வந்து சொன்னபோது அவர் முகத்தில் அத்தனை நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

சில வாரம் போயிருக்கும். மரியதாஸ் கூடத்து வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அவளுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு சார்" என்றான்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தோம். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "தொட்டித் தண்ணியத்தான் சார் குடிச்சேன். மூக்கப் பிடிச்சிட்டுக் குடிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சார் சொன்னதைத் தட்டவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். மறுநாள் நினைவு தப்பியது. குழந்தை இறந்து பிறந்தது. பின்னாலேயே அவளும் போய்விட்டாள்.

நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சார் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் அவருக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். இந்தக் கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரியப் பல வாரம் ஆகும், நாம் பிளீச்சிங் போடச் சொல்வதற்கு முன்பே தொற்றியிருக்கலாம், எப்போது தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"அறிக்கைல அப்படியே எழுதுங்க அம்மணி, அது சரிதான். எனக்குச் சொல்லாதீங்க" என்றார்.

நெடுநாள் அவர் எழுதவில்லை. பத்திரிகைக்காரர்கள் ஆள்மேல் ஆள் விட்டார்கள். மீண்டும் எழுதத் தொடங்கியபோது அவர் முறையே மாறியிருந்தது. முன்பெல்லாம் படித்துக்காட்டிவிட்டு, "புரியுதுங்களா?" என்று கேட்பார். இப்போது எதிர்க் கம்பெனிப் பெண்களிடம், "இதக் கேட்டுட்டு நாளைக்குக் காலைல ஊட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அவர்கள் சொல்லும் பதிலில் ஒன்று பிசகினாலும் கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தொண்ணூறுகளில் காசநோயைப் பற்றியும், இன்னும் பேசவே கூசிய நோய்களைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளில் பளிச்சென்று ஒரு வரிகூடக் கிடையாது. பின்னட்டைக்கு எதுவும் தேறாது. ஒவ்வொன்றிலும் இது யாருக்குப் பொருந்தாது என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் தூங்கிப் போகவில்லை. அந்த வயதில், அந்தப் பெயரோடு, அவர் மறுபடி எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு விஞ்ஞானியாக நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

ஆகவே கவிதா, 'மூக்கு' கட்டுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடாதே. அது உள்ளே இருக்கட்டும். அதை ஒட்டியே அந்த அழகில்லாத கட்டுரையையும் போடு. பின்னட்டையில் மட்டும் அந்த வரி வேண்டாம். அங்கே அது தனியாக நிற்கிறது.

காரணம் இன்னும் ஒன்று இருக்கிறது. ஜெசிந்தா போனபின் மரியதாஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பினான். கிளம்புமுன் கூடத்துக்கு வந்தான். "புதுசா ஒரு குடும்பம் வருது சார். சுவத்துல அவ ஒட்டுன பேப்பர் இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. அது இருக்கட்டுமா, பிச்சிரட்டுமா?" என்று கேட்டான்.

சார் எழுந்து அவனோடு போனார். நானும் போனேன். வீட்டில் சாமான் ஒன்றும் இல்லை. குடம் இருந்த இடத்தில் தரையில் வட்டமாகக் கறை. அதற்கு நேர் மேலே சுவரில் அந்தக் கட்டுரை. சார் முற்றத்துத் தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, கைக்குட்டையை நனைத்துத் தாளின்மேல் ஒற்றினார். அறை முழுக்க பிளீச்சிங் வாடை பரவியது.

"இந்த வாடைதான் சார் அவளுக்கு ஆவாது" என்றான் மரியதாஸ்.

சார் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். தலைப்பு வந்தது, அவர் பெயர் வந்தது, பத்தி பத்தியாக உரிந்து வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் ஜெசிந்தா பசையை அதிகமாகப் பூசியிருந்தாள்.